ஆபத்து வேளையில் யார் யாரோடு பேசுவது?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையில் அது நிதானமாக ஒலித்தால் பெரட்டுக்குப் புறப்பட வேண்டும். நேரங்கெட்ட நேரத்தில் நிறுத்தாமல் படபடவென்று ஒலித்தால் எங்கோ தீப்பிடித்திருக்கிறது, அல்லது யாரோ காணாமற்போயிருக்கிறார்கள் என்று பொருள். கிராணிக்கும் மண்டோருக்கும், பால்மரம் வெட்டுகிறவருக்கும், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அந்த ஒலி ஒரே பொருளைத்தான் தந்தது. யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.

இன்று நான் பேச வந்தது தண்டவாளத் துண்டைப் பற்றியன்று. தீயணைப்பு வீரர்களும் போலீசாரும் இராணுவத்தினரும் இடுப்பில் செருகியிருக்கிறார்களே வாக்கி-டாக்கி, அதைப் பற்றி. அந்தக் கருவி நம் தண்டவாளத் துண்டைவிட எத்தனையோ மடங்கு திறமை வாய்ந்தது. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைச் சொல்வது என்கிற அந்தப் பழைய இரும்பின் குணம் மட்டும் அதற்கு எளிதில் வந்து சேருவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் நானே கண்ட ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், நான் பணியாற்றும் தோட்டத்தை ஒட்டிய ஆறு நள்ளிரவில் கரை புரண்டது. செம்பனைக் காட்டுக்கு நடுவே, தாழ்ந்த பகுதியில் இருந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. உதவி கேட்டோம், உதவியும் வந்தது. குறை சொல்லக் கூடாது, இரண்டு குழுக்கள் வந்தன. ஒரு குழு பெரிய சாலைப் பக்கமிருந்து லாரியில் வந்தது. மற்றொரு குழு ஆற்றங்கரைப் பக்கமிருந்து படகில் வந்தது. இரண்டு குழுவினர் கையிலும் வாக்கி-டாக்கி இருந்தது.

கடைசி வரிசையில் ஆறு வீடுகள். அவற்றைப் படகுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று லாரிக்காரர்கள் எண்ணிக்கொண்டார்கள். லாரிக்காரர்கள் முன்னமே காலி செய்துவிட்டார்கள் என்று படகுக்காரர்கள் எண்ணிக்கொண்டார்கள். அந்த வரிசையின் மூலை வீட்டில் ஒரு பாட்டியும் பேரனும் சாப்பாட்டு மேசையின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேரன் என் வகுப்பு மாணவன். பெயர்களை வைத்துச் சரிபார்த்தபோதுதான் இருவர் குறைவது தெரிந்தது. லாரியிலிருந்த அதிகாரி தம் கருவியில் படகைக் கூப்பிடப் பார்த்தார். முடியவில்லை. இரண்டும் வேறு வேறு அலைவரிசை. கடைசியில், பள்ளியை முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு பையன், "நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன் சார்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு, மார்பளவு தண்ணீரில் இறங்கினான். அவன் போய்ச் சேர்ந்து, படகு திரும்பி வந்து, பாட்டியையும் பேரனையும் ஏற்றியபோது பொழுது விடிந்துவிட்டது.

அவனை நாங்கள் எல்லாரும் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அன்று முதல் என் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. இரு பக்கமும் கருவி இருந்தும் செய்தி கால்நடையாகப் போனது ஏன்? அதைத் தேடிப் படித்ததில் விளங்கியவற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் இப்போது என் பேச்சைக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வானொலிப் பெட்டி இந்த நிலையத்தின் அலைவரிசையில் நிற்கிறது. முள்ளைச் சற்று நகர்த்தினால் நான் மறைந்து வேறு யாரோ பாடுவார்கள். வாக்கி-டாக்கியும் அப்படித்தான். ஒவ்வொரு துறைக்கும் தனி அலைவரிசைகள் ஒதுக்கப்படுகின்றன. ஒதுக்காவிட்டால் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் பேசிக் குழம்பிப்போவார்கள். ஆகாய விமானங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. தரைப்படைகள் களத்தில் பேசுவது பல நாடுகளில் 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரை. கப்பல்களும் மீன்பிடி படகுகளும் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அலைவரிசை ஒன்றாக இருந்தாலும், ஒரு கருவி பழைய முறையில் குரலை அப்படியே அனுப்பும். மற்றொன்று குரலை எண்களாக மாற்றி அனுப்பும். இராணுவத்தார் அந்த எண்களையும் எதிரிக்குப் புரியாதபடி இரகசியப் பூட்டுப் போட்டு அனுப்புவார்கள். அந்தப் பூட்டுத் தேவைதான். ஆனால் எதிரிக்குப் புரியாதது, பக்கத்தில் நிற்கும் தீயணைப்பு வீரருக்கும் புரியாது அல்லவா?

பினாங்கு மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது தூரத்து விஷயமன்று. 1988 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் தேதி பட்டர்வொர்த்தில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. தீவில் குவான் இன் தெய்வ ஊர்வலம். இரண்டுக்கும் சேர்ந்து வந்த கூட்டம் பெரித் துறையில் திரண்டபோது மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் மாண்டார்கள். 1,634 பேர் காயமடைந்தார்கள். நான் அப்போது சிறு பையன். அன்று மாலை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அத்தகைய ஓர் இடத்துக்கு எத்தனை பேர் ஓடி வர வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தீயணைப்புப் படை, போலீஸ், ஆம்புலன்ஸ், மருத்துவமனை, துறைமுகத்தார், பொதுத் தற்காப்புப் படை, ரேலா, தேவைப்பட்டால் இராணுவம். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைமை. ஒவ்வொரு தலைமைக்கும் ஓர் அலைவரிசை.

1993 டிசம்பர் 11 அன்று கோலாலம்பூருக்கு அருகே ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 1994 இல், தீயணைப்பு, போலீஸ், இராணுவம் ஆகிய மூன்றிலிருந்தும் ஆட்களை எடுத்து ஸ்மார்ட் என்னும் சிறப்பு மீட்புக் குழுவை அரசாங்கம் அமைத்தது. 1997 இல் தேசியப் பாதுகாப்பு மன்றம் தன் 20 ஆம் எண் உத்தரவை வெளியிட்டது. பேரிடர் நடந்த இடத்தில் கட்டுப்பாட்டு முகாம் ஒன்று வேண்டும், எல்லாத் துறைகளும் அங்கே கூட வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. முகாம் என்றால் ஒரு கூடாரமும் நான்கு மேசையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீயணைப்பு அதிகாரி தம் கருவியோடு உட்காருவார். பக்கத்தில் போலீஸ் அதிகாரி தம் கருவியோடு. அவருக்கு அடுத்து இராணுவ அதிகாரி. ஒருவர் காதில் விழுந்ததை அடுத்தவரிடம் வாயால் சொல்வார். அவர் தம் ஆட்களுக்குத் தம் கருவியில் சொல்வார். செலவில்லாத முறை. இன்றும் பல இடங்களில் நம்பகமான முறை இதுதான் என்பது என் எண்ணம். எங்கள் தோட்டத்தில் அன்றிரவு இப்படி ஒரு மேசை கூட இல்லை என்பதுதான் குறை.

ஆனால் கூடாரம் போட நேரம் இல்லாதபோது என்ன செய்வது? 2017 நவம்பர் 4 ஆம் தேதி பெய்யத் தொடங்கிய மழை நமக்கு நினைவிருக்கிறது. தீவும் செபராங் பிறையும் ஒரே இரவில் மூழ்கின. விடியற்காலை 3 மணியளவில் அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங், அன்றைய துணைப் பிரதமர் அகமட் ஸாஹிட் ஹமிடியைத் தொலைபேசியில் அழைத்து இராணுவத்தை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். 7 பேர் உயிரிழந்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான், அக்டோபர் 21 அன்று, தஞ்சோங் பூங்காவில் மண் சரிந்து கட்டுமானத் தொழிலாளர்கள் 11 பேர் புதையுண்டிருந்தார்கள். இவ்வளவு சிறிய மாநிலத்துக்கு இரண்டே வாரத்தில் இரண்டு சோதனை. அத்தகைய இரவில் ஒவ்வொரு சாலையும் ஒரு தனித் தீவு. யார் எங்கே இருக்கிறார் என்பதை வானொலி சொன்னால்தான் உண்டு.

இதற்கென்று உள்ள கருவியைப் பற்றிச் சொல்கிறேன். கேட்கப் பெரிதாக இருந்தாலும் தத்துவம் எளியது. உங்கள் இரண்டு கைகளிலும் இரண்டு வாக்கி-டாக்கிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தீயணைப்புக்காரருடையது, மற்றது இராணுவத்துடையது. முதலாவதில் குரல் வரும்போது, அதை இரண்டாவதன் வாயருகே பிடித்து, இரண்டாவதன் பொத்தானை அழுத்துங்கள். தீயணைப்புக்காரர் பேசுவது சிப்பாய்க்குக் கேட்கும். அவ்வளவுதான். இதை மனிதக் கைக்குப் பதிலாக ஒரு பெட்டி செய்கிறது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு கருவியை வாங்கி இந்தப் பெட்டியில் கம்பியால் பொருத்துகிறார்கள். ஒன்றின் காதில் விழுவதைப் பெட்டி மற்றவற்றின் வாயில் ஊற்றுகிறது. பொத்தானையும் தானே அழுத்துகிறது. முன்பு தோட்டத்து ஆபீசிலும் தபால் நிலையத்திலும் தொலைபேசிப் பலகை இருந்ததே, இந்தக் கம்பியை அந்த ஓட்டையில் செருகினால் இவர் அவரோடு பேசலாம் என்று, அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஒரு லாரியிலோ, இரண்டு ஆள் தூக்கும் பெட்டியிலோ வைத்து நிகழ்விடத்துக்கே கொண்டுபோகக்கூடிய வகைகள் உண்டு.

நல்ல கருவிதான். ஆனால் அதற்கும் சில சங்கடங்கள் உண்டு. பொத்தானை அழுத்திய உடனே பேசினால், பெட்டி விழித்துக்கொள்வதற்குள் முதல் சொல் விழுந்துபோகும். நம் நாட்டில் மீட்புப் பணியில் மலாய் மொழிதான் பேசப்படுகிறது. "ஜாங்ஙான் மாசுக்" என்றால் உள்ளே போகாதே என்று பொருள். முதல் சொல் விழுந்துவிட்டால் மிஞ்சுவது "மாசுக்", அதாவது உள்ளே போ! ஆகவே பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும் என்று பழக்குகிறார்கள். அடுத்தது கூட்ட நெரிசல். பத்துப் பேர் பேசிய பாதையில் நாற்பது பேரை இணைத்துவிட்டால், உயிர் போகிற செய்தி சொல்ல வந்தவருக்கு வாய் திறக்க இடம் கிடைக்காது. ஆகவே எல்லாரையும் எல்லாரோடும் இணைப்பதில்லை. தலைவர்களை மட்டும் இணைக்கிறார்கள். இரகசியப் பூட்டுப் பிரச்சினையும் உண்டு. பூட்டிய பேச்சைப் பெட்டியில் திறந்துதான் மறுபக்கம் அனுப்ப முடியும். அதனால் எந்தப் பேச்சை இணைக்கலாம், எதை இணைக்கக் கூடாது என்று இராணுவத்தார் முன்கூட்டியே வரையறுக்க விரும்புவது நியாயமே. இன்னொன்று: பெட்டி அலைகளை நீட்டித் தராது. பாலிக் பூலாவுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே மலை நிற்கிறது. மலைக்குப் பின்னால் உள்ள கருவியின் ஒலி பெட்டிக்கே எட்டாவிட்டால், பெட்டி எதை இணைக்கும்?

பெட்டி வேண்டாம், எல்லாரும் ஒரே வலையமைப்பில் இருந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதுவும் வந்திருக்கிறது. டெட்ரா என்னும் முறை ஐரோப்பாவில் 1990களில் வகுக்கப்பட்டது. அதில் ஒரே அலைவரிசையை நான்காகக் கூறு போட்டு, நான்கு உரையாடல்கள் நடத்தலாம். துறைக்கொரு பேச்சுக் குழு இருக்கும். தேவையானபோது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான குழுவையும் திறக்கலாம். கோபுரம் சாய்ந்துவிட்டால் அருகருகே உள்ள கருவிகள் நேரடியாகவே பேசிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. மலேசியாவில் ஜி.ஐ.ஆர்.என். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரசாங்க ஒருங்கிணைந்த வானொலி வலையமைப்பு இந்த முறையில் அமைந்ததே. வீட்டுக்கு வீடு கிணறு தோண்டுவதற்குப் பதில் ஊருக்கே குழாய்த் தண்ணீர் கொண்டுவருவது போன்றது இது. ஆனால் குழாய் எட்டாத வீடு எப்போதும் இருக்கும். பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறவர், தொண்டூழியர், சொந்தப் படகோடு வந்த மீனவர், இவர்கள் கையில் அந்தக் கருவி இருக்காது.

இவ்விஷயத்தில் உலகமே படித்த பாடம் 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் கிடைத்தது. முதல் கோபுரம் காலை 9 மணி 59 நிமிடத்துக்கு விழுந்தது. இரண்டாவது 10 மணி 28 நிமிடத்துக்கு விழுந்தது. இடையில் 29 நிமிடம். மேலே பறந்த போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து, நிற்கும் கோபுரத்தின் ஆபத்து நிலையைக் கண்டு தங்கள் வானொலியில் எச்சரித்தார்கள். போலீசாருக்கு அது கேட்டது. கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் கருவி வேறு. வெளியேறும்படி அவர்களுடைய தலைவர்கள் தனியே கட்டளை கொடுத்தும், பலருக்கு அது எட்டவில்லை. அன்று அந்நகரத் தீயணைப்புத் துறை இழந்தவர்கள் 343 பேர். பணமும் தொழில்நுட்பமும் நிறைந்த நகரம் அது.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு மாறான ஓர் உதாரணமும் இருக்கிறது. பட்டர்வொர்த் விமானத் தளத்தின் ஜெட் விமானங்கள் நம் தோட்டங்களின் மேல் இரைந்து செல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1971 இல் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஒரு தற்காப்பு ஏற்பாடு செய்துகொண்டன. அதன் கூட்டுத் தலைமையகம் அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. ஐந்து நாட்டு விமானங்கள், கப்பல்கள், ஐந்து விதமான உச்சரிப்பு. அவர்கள் ஒன்றாகப் பயிற்சி செய்ய முடிகிறதென்றால் கருவி மட்டும் காரணமன்று. எந்த அலைவரிசை, யார் முதலில் பேசுவது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் சண்டை இல்லாத நாளிலேயே உட்கார்ந்து பேசி, ஆண்டுதோறும் பழகிப் பார்த்துவிடுகிறார்கள்.

கடலிலும் இப்படி ஓர் உடன்பாடு உண்டு. தெலுக் பஹாங் மீனவரைக் கேளுங்கள். கடல் வானொலியில் 16 ஆம் தடம், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்குரிய தடம் என்று சொல்வார். எந்த நாட்டுக் கப்பலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். மொழி வேறு, கொடி வேறு, தடம் ஒன்று. தரையில் நமக்கு இவ்வளவு எளிய ஏற்பாடு அமையாததற்குக் கருவி குற்றவாளியன்று. அதிகாரம் யாருக்கு, செலவு யாருடையது என்ற கேள்விகள்தான் தடை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா ஏற்பாடும் அழிந்துபோனாலும் பழக்கமுள்ள ஒரு மனிதர் போதும் என்பதற்கும் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை பினாங்கில் மட்டும் 52 உயிர்களைக் கொண்டுபோனது. அதே அலை அந்தமான் தீவுகளைத் தாக்கித் தொலைபேசிகளை ஊமையாக்கியது. அந்த நேரம் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி இருந்தார். பொழுதுபோக்கு வானொலியாளரான அவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தம் கருவிகளோடு அங்கே போயிருந்தார். தாய்நாட்டில் கவலையோடு காத்திருந்த குடும்பங்களுக்கும் தீவில் இருந்தவர்களுக்கும் இடையே அவரும் அவருடைய தோழர்களும் செய்திகளைக் கொண்டுசேர்த்தார்கள்.

இதிலெல்லாம் தோட்டத்துக் குடும்பங்கள் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். செய்தியின் முதல் கண்ணி நாம்தான். 2007 முதல் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், பொதுத் தற்காப்பு எல்லாவற்றுக்கும் 999 என்ற ஒரே எண் இருக்கிறது. முன்பு தீக்கு 994, பொதுத் தற்காப்புக்கு 991 என்று பிரித்து நினைவில் வைத்திருந்தோம். இப்போது ஓரிடத்தில் சொன்னால் உரிய துறைகளுக்குப் போகிறது. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "பழைய ஆலை மேட்டுக்கு வாங்க", "மாரியம்மன் கோயில் பின்னால் உள்ள லயன்" என்று சொல்கிறோம். நம் தோட்டங்களுக்குத் தமிழில் ஒரு பெயர், ஆபீஸ் பலகையில் ஒரு பெயர், அரசாங்க வரைபடத்தில் ஒரு பெயர். நாம் சொல்லும் தமிழ்ப் பெயர் எந்த வாக்கி-டாக்கியிலும் ஏறாது. எந்தப் பெட்டியும் அதை மொழிபெயர்த்துத் தராது.

எங்கள் தோட்டத்து வெள்ளத்திலும் இது நடந்தது. வீட்டு வரிசைகளுக்கு ஆங்கில எழுத்துகள்தாம் பெயர். பி வரிசை என்று தொலைபேசியில் சொன்னதை டி என்று எழுதிக்கொண்டார்கள். இரைச்சலில் பி, டி, சி எல்லாம் ஒன்றுபோலத்தானே கேட்கும்? இதற்காகத்தான் விமானிகளும் சிப்பாய்களும் பி என்பதற்குப் பிராவோ என்றும் டி என்பதற்கு டெல்டா என்றும் சொல்கிறார்கள். உலகம் முழுவதும் அதே சொற்கள்.

அதன் பிறகு எங்கள் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவர்கள் தோட்டத்தின் படம் ஒன்று வரைந்தார்கள். எந்தப் பாதையில் லாரி வரும், எங்கே தண்ணீர் முதலில் ஏறும், எந்த வாசலை இரவில் பூட்டுகிறார்கள் என்றெல்லாம் குறித்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று பெயர்களையும் எழுதினார்கள். பெற்றோர் சங்கத்தார் பலகை செய்து தந்தார்கள். வரிசைப் பெயரும் வீட்டு எண்ணும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கொட்டை எழுத்தில் எழுதப்பட்டன.

அந்த மூலை வீட்டுப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேரன் சுவரில் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "என்னடா எழுதுறே, எனக்கும் சொல்லு" என்று கேட்டார். அவன் சொல்லிக்கொடுத்தான். அடுத்த வாரம் நான் அந்தப் பக்கம் போனபோது பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க வாத்தியாரே, பிராவோ பதினாலுக்கு வந்திருக்கீங்க" என்றார்.